அம்பிகாபதியைச் சாகவிடாமல் எழுதுவது எப்படி? சோகக் காதல் கதைக்கு வேறு முடிவு எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

அம்பிகாபதி, அமராவதி கதைக்கு வேறு முடிவு எழுதச் சொன்னால் பெரும்பாலானவர்கள் கடைசிப் பக்கத்துக்குத்தான் நேராகப் போவார்கள். வாள் ஓங்கியிருக்கும், மன்னன் "நிறுத்து!" என்பான், மேளம் கொட்டும். கேட்பவர்கள் கை தட்டுவார்கள், டீ குடித்து முடிப்பதற்குள் மறந்தும் போவார்கள். கடைசிக் காட்சியை மட்டும் மாற்றினால் இவ்வளவுதான் கிடைக்கும். புது முடிவு நிற்க வேண்டுமென்றால் அதற்கான வேலை கதையின் நடுவில் இருக்கிறது. இந்த வழிகாட்டி அந்த வேலையைப் பற்றியது.

கோத்தகிரியில் சனிக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் சிலர் கூடிக் கதை எழுதிப் படித்துப் பார்ப்பது வழக்கம். தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுபவர், ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர், கல்லூரிப் பிள்ளைகள், ஒரு ஜீப் டிரைவர் என்று கலவையான கூட்டம். கீழே வரும் படிகள் அங்கே பேசிப் பேசித் தேறியவை. எடுத்துக்காட்டாக முழுக்க அம்பிகாபதி கதையையே வைத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த கதை, யாருக்கும் சொந்தமில்லாத கதை.

தொடங்கும் முன்: மாற்றலாமா?

"அவன் சாகலேன்னா இந்தக் கதையை யாருப்பா ஞாபகம் வச்சிருப்பா?" என்று டீச்சர் முதல் நாளே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மாற்றி எழுதுவது புதுப் பழக்கமும் இல்லை. வால்மீகியின் உத்தர காண்டத்தில் சீதை பூமிக்குள் போகிறாள். எட்டாம் நூற்றாண்டில் அதே கதையை நாடகமாக்கிய பவபூதி, ராமனையும் சீதையையும் சேர்த்துவைத்து முடித்தார். லண்டனில் 1748-இல் டேவிட் காரிக் மேடையேற்றிய ரோமியோ ஜூலியட்டில் இருவரும் சாகத்தான் செய்கிறார்கள். ஆனால் ரோமியோ விஷம் குடித்த பிறகு, உயிர் போவதற்கு முன்பே ஜூலியட் கண் விழிக்கிறாள். இருவரும் பேசுகிறார்கள். மாற்றியது அந்த ஒரு கணத்தைத்தான். 1935-இல் புரோகோஃபியெவ் அதே கதைக்கு பாலே இசை எழுதியபோது காதலர்களைப் பிழைக்க வைத்தார். உயிரோடு இருப்பவர்களால்தான் ஆட முடியும் என்பது அவர் சொன்ன காரணம். பிறகு பழைய முடிவுக்கே திரும்பிவிட்டார்.

எதிர்ப்பக்க உதாரணமும் நம் கண்முன் நடந்தது. தனுஷ் நடித்து 2013-இல் வந்த இந்திப் படம் தமிழில் 'அம்பிகாபதி' என்ற பெயரில்தான் வெளியானது. 2025 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவை வைத்து நாயகன் பிழைப்பது போல முடிவை மாற்றி மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார்கள். இயக்குநரும் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அடுத்தவர் படத்தில் கை வைக்கும் உரிமை பற்றிய சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: அதுவரை வந்த காட்சிகள் எல்லாம் ஒரு சாவை நோக்கிக் கட்டப்பட்டவை. கடைசி நிமிடங்களை மட்டும் மாற்றினால் முன்னால் வந்தவை எதற்கு என்று தெரியாமல் போகும்.

படி 1: கதையை உங்கள் கையால் சுருக்கி எழுதுங்கள்

தெரிந்த கதைதானே என்று தாண்டாதீர்கள். எங்களில் ஆளுக்கு ஒரு அம்பிகாபதி இருந்தது. ஒருவருக்குப் பாட்டி சொன்னது, ஒருவருக்குக் கூத்தில் பார்த்தது, பலருக்கு 1957-இல் சிவாஜி கணேசன் நடித்து வந்த படம். ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பத்து வரிக்குள் எழுதுங்கள். நாங்கள் வைத்துக்கொண்டது இது:

கம்பரின் மகன் அம்பிகாபதி. சோழன் மகள் அமராவதி. அரண்மனை விருந்தில் அவள் வட்டில் சுமந்து வருவதைப் பார்த்து இவன் தன்னை மறந்து ஒரு வெண்பாவைத் தொடங்கிவிடுகிறான். அவள் நடை, அவள் இடை. அரசன் முகம் மாறுவதற்குள் கம்பர் குறுக்கிட்டு, அதே வெண்பாவைக் கொட்டிக்கிழங்கு விற்கும் கிழவியைப் பற்றியதாக முடித்துவிடுகிறார். அப்படி ஒரு கிழவி தெருவில் இருக்கிறாளா என்று ஆள் விட்டால், கலைமகளே கிழங்குக்காரியாக வந்து நிற்கிறாள். அப்போதைக்குத் தலை தப்புகிறது. பிறகு காதல் வெளிப்படுகிறது. காமம் கலக்காமல் ஒரே மூச்சில் 100 பாட்டுப் பாடினால் மகளைத் தருகிறேன் என்கிறான் அரசன். அமராவதி திரைக்குப் பின்னால் ஒரு பாட்டுக்கு ஒரு பூவாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். கணக்கில் சேராத காப்புச் செய்யுளுக்கும், அதாவது தொடக்கத்தில் பாடும் கடவுள் வாழ்த்துக்கும், ஒரு பூ வைத்துவிடுகிறாள். 99 முடிந்ததும் நூறாயிற்று என்று வெளியே தலை நீட்டுகிறாள். அவளைப் பார்த்தவன் சிருங்காரம் பாடிவிடுகிறான். அவைப்புலவர் ஒட்டக்கூத்தர் குற்றம் காட்டுகிறார். தலை போகிறது. அவளும் உயிர் விடுகிறாள்.

எந்தக் குலோத்துங்கன், எந்த வருடம் என்று தேட வேண்டாம். கல்வெட்டில் இருக்கும் செய்தி இல்லை, கர்ணபரம்பரைக் கதை. மாற்றி எழுத இதைவிட வசதி வேறு என்ன?

படி 2: கொன்றது யார் என்று கண்டுபிடியுங்கள்

சோகக் காதல் கதைகளில் காதலர்களைக் கொல்வது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: தற்செயல், அதிகாரம், சுபாவம்.

ரோமியோவுக்குப் போக வேண்டிய கடிதம் போகவில்லை. கொண்டுபோன துறவியைக் கொள்ளைநோய் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இது தற்செயல். கோவலனைக் கொன்றது பொற்கொல்லன் சொன்ன பொய்யும் விசாரிக்காமல் ஆணையிட்ட பாண்டியனும். இது அதிகாரம். அம்பிகாபதி கதையின் விசேஷம், மூன்றும் ஒரே நிமிடத்தில் சேருகின்றன. பூ எண்ணிக்கை தப்பியது தற்செயல். அவளைப் பார்த்ததும் வாய் தானாகப் பாடியது சுபாவம். அப்படி ஒரு நிபந்தனையை வைத்தது அதிகாரம்.

தற்செயலை மட்டும் சரிசெய்து எழுதப்படும் முடிவுதான் எப்போதும் பலவீனமாக இருக்கும். கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, பூ சரியாக எண்ணப்பட்டது என்றால் அதிர்ஷ்டம் நன்றாக இருந்தது என்பதைத் தவிர வாசகருக்கு வேறென்ன கிடைக்கும்?

படி 3: எந்த முடிச்சை அவிழ்ப்பது

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். எங்களுக்கும் இதில்தான் அதிக நேரம் போனது.

எண்ணிக்கை சரியாக இருந்தது என்று ஒரு பையன் எழுதி வந்தான். நூறும் முடிந்தது, சரி. அப்புறம்? மகளைக் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தானே அரசன் நிபந்தனையே வைத்தான்? அவன் இன்னொரு நிபந்தனை வைப்பான். கதை நீளுமே தவிர நகராது. பையனே படித்துவிட்டு மடக்கி வைத்துக்கொண்டான்.

இரண்டாவது, அம்பிகாபதி அவளைப் பார்த்தும் நாக்கை அடக்கிக்கொள்கிறான் என்பது. ஒரு கல்லூரி மாணவி எழுதினாள். அவன் பிழைக்கிறான், கல்யாணம் நடக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு அவளைப் பார்த்து அவனால் ஒரு வரியும் பாட முடியவில்லை. படிக்கும்போது உள்ளே என்னவோ செய்தது. "இது சந்தோஷ முடிவா டீச்சர்?" என்று அவளே கேட்டாள். டீச்சர் பதில் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்தார். எனக்குப் பிடித்த வடிவங்களில் இது ஒன்று. ஆனால் இது வேறொரு சோகக் கதை.

மூன்றாவது, நிபந்தனையையே மறுப்பது. சங்க அகப்பாட்டில் அதற்கு வழி இருக்கிறது: உடன்போக்கு. பெண் ஆணோடு கிளம்பிவிடுகிறாள், செவிலித்தாய் பாலை வழியெல்லாம் தேடிப் போகிறாள். அம்பிகாபதியும் அமராவதியும் இரவோடு இரவாகக் கிளம்பினால் என்ன? எழுதலாம். ஆனால் அரசவை போய்விடும், நூறு பாட்டு போய்விடும். நாவல் எழுதப் போகிறவர்களுக்குச் சரிவரும், பத்துப் பக்கக் கதைக்குத் தாங்காது.

இவற்றையெல்லாம் புரட்டிய பிறகுதான் உருப்படியான ஒரு கேள்வி கிடைத்தது. கதை யாருக்கு வேலையே கொடுக்கவில்லை? மூல வடிவத்தைத் திருப்பிப் படியுங்கள். தலை நீட்டிய பிறகு அமராவதி என்ன செய்தாள்? ஒன்றும் இல்லை. காதலன் பாடுகிறான், கூத்தர் பேசுகிறார், அரசன் ஆணையிடுகிறான். அவள் நிற்கிறாள். அடுத்து அவளைப் பற்றி வரும் செய்தி அவள் சாவுதான்.

எந்தச் சோகக் கதையானாலும் இந்த இடத்தைத் தேடுங்கள். முடிவு தீர்மானமாகும் நேரத்தில் பக்கத்திலேயே இருந்தும் சும்மா நிற்பவர் ஒருவர் இருப்பார். காரிக் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்: படுத்திருந்தவளை எழுப்பிப் பேச வைத்தார். அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் தற்செயலையும் சுபாவத்தையும் தொடவே வேண்டாம். அமராவதி தப்பாகவே எண்ணட்டும். அம்பிகாபதி அவளைப் பார்த்துப் பாடவே செய்யட்டும். அதற்கு அடுத்த நொடியில்தான் நமக்கு வேலை.

படி 4: தப்பிக்கும் வழியைக் கதைக்குள்ளேயே தேடுங்கள்

வெளியிலிருந்து ஒரு தெய்வத்தையோ, வெள்ளத்தையோ, படையெடுப்பையோ கொண்டுவராதீர்கள். நல்ல பழங்கதைகளில் கருவிகள் உள்ளேயே கிடக்கும். இங்கே விருந்துக் காட்சியில் ஒரு தப்பித்தல் ஏற்கெனவே நடந்திருக்கிறது. மகன் தொடங்கிய வெண்பாவைத் தந்தை முடித்து, பொருளையே திருப்பிவிட்டார். அதுவும் எந்த இடத்தில்? இரண்டாம் அடியின் கடைசியில் வரும் தனிச்சொல்லில். அதுவரை பாட்டு மகனுடையது, அந்தச் சொல்லிலிருந்து தந்தையுடையது.

அந்த விருந்தில் வட்டிலோடு நின்றவள் அமராவதி. எல்லாவற்றையும் காதால் கேட்டவள். பாதிப் பாட்டை எப்படித் திருப்புவது என்று அவளுக்கு அன்றே தெரியும்.

சரி, முடிவு கிடைத்துவிட்டது.

படி 5: முடிவை முதலில் எழுதுங்கள்

கதையின் தொடக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் கரட்டு வடிவத்திலிருந்து ஒரு துண்டு:

"தட்டில் பூ நிறைந்துவிட்டது. அமராவதி திரையை விலக்கினாள். கீழே அவன் முகம் நிமிர்ந்தது. நிமிர்ந்த முகத்திலிருந்து பாட்டு தானாகப் புறப்பட்டது. தரையில் பட்டால் சிவக்கும் பாதம், பின்னால் வரும் சிலம்பு, ஒடிந்துவிடும் போல் அசையும் இடை. கூத்தரின் கை மடியிலிருந்து மெல்ல எழுந்தது. அவன் மூச்சு வாங்கிய இடத்தில் மேலிருந்து ஒரு பெண் குரல் தனிச்சொல்லை எடுத்தது. பாதம் இறங்கியது எருமைத் தலையின் மேல். சிலம்பு ஒலித்தது மகிடன் செவியில். இடை அசைந்தது சூலத்தை ஓங்கியதால். வெண்பா முடிந்தபோது சபையில் கொற்றவை நின்றிருந்தாள்."

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அவன் பாடிய பாதம், சிலம்பு, இடை மூன்றையும் அவள் மறைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அதே மூன்றையும் எடுத்துத் தேவிக்குக் கொடுத்துவிட்டாள். உங்கள் முடிவும் பழைய முடிவின் பொருட்களை வைத்தே கட்டப்பட வேண்டும். புதுப் பொருள் எதுவும் உள்ளே வரக் கூடாது.

அடுத்தது வழக்கு. பாதி அவன் பாடியது, பாதி அவள் பாடியது. நூறு கணக்கு ஆயிற்றா? இங்கே கூத்தரை வில்லனாக விட்டுவிட்டால் கதை கெட்டது. மூவருலா பாடியவர், சோழர் மூவருக்கு அவைப்புலவராக இருந்தவர். அவ்வளவு பெரிய புலவரைப் பொறாமைக்காரனாக மட்டும் காட்டுவது எனக்கு எப்போதுமே உறுத்தும். அவர் முன்னால் இருப்பது இரண்டு வழி. பாட்டு இளவரசியைப் பற்றியது என்று சொன்னால், அவள் உடம்பை வருணித்தது என்று நிறைந்த சபையில் விளக்க வேண்டும். தேவியைப் பற்றியது என்று சொன்னால் தோற்க வேண்டும். அரசனுக்கும் அதே இக்கட்டு.

படி 6: பின்னோக்கிப் போய் விதை போடுங்கள்

முடிவு எழுதியாயிற்று. இப்போது அது திடீரென்று முளைத்ததாகத் தெரியாமலிருக்க, முன்னால் போய் இரண்டு மூன்று இடங்களில் விதைக்க வேண்டும். அதிகம் வேண்டாம்.

முதல் விதை, விருந்து. மூலக்கதையில் இருப்பதுதான், பார்வையை மட்டும் மாற்றுங்கள். கம்பர் பாடும்போது அவர் முகத்தைக் காட்டாமல் வட்டில் பிடித்த அவள் விரல்களைக் காட்டுங்கள். அந்த விரல்கள் சீர் எண்ணுகின்றன.

இரண்டாவது எங்கள் கற்பனை. கூத்தர்தான் அமராவதிக்கு யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், சொல்லிக்கொடுத்தவர் என்று வைத்தோம். அவள் எழுதிக் கொண்டுபோகும் ஒவ்வொரு வெண்பாவையும் ஏட்டைப் பார்க்காமலேயே, "தளை தட்டுகிறது, மறுபடி" என்று திருப்பி அனுப்புவார். சீரும் சீரும் இலக்கணப்படி சேரவில்லை என்று அர்த்தம். ஒரு தடவைகூடப் பாராட்டியதில்லை. இந்தக் காட்சியைச் சிரிப்பாக எழுதுங்கள். வாசகர் இதைக் குணச்சித்திரம் என்று நினைத்துக் கடந்துபோக வேண்டும். கடைசியில் சபை முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் தீர்ப்பாகச் சொல்வது, "தளை தட்டவில்லை." அவ்வளவுதான். பாட்டு யாரைப் பற்றியது என்பதற்கு அவர் பதிலே சொல்வதில்லை.

மூன்றாவது, காப்புச் செய்யுளுக்கு அவள் பூ வைக்கும் இடம். சத்தமில்லாமல் ஒரு வரியில் கடந்துவிடுங்கள். தெரிந்தவர்கள் பதறுவார்கள், தெரியாதவர்கள் பிறகு திருப்பிப் பார்ப்பார்கள்.

படி 7: விலை என்ன?

யாரும் எதுவும் இழக்காத முடிவை வாசகர் நம்ப மாட்டார். கல்யாணத்தை மட்டும் வைத்து முடித்தபோது எங்களுக்கும் அது சப்பென்றுதான் இருந்தது. ஃபேக்டரிக் கணக்கர்தான் வழி சொன்னார்: "நிபந்தனைப்படி நூறும் அவன்தான் பாடியிருக்கணும். அப்போ அந்தப் பாதி தன்னோடது இல்லேன்னு அந்தப் பொண்ணு சொல்லியாகணுமே?"

அப்படியே எழுதினோம். யார் பாடியது என்று அரசன் கேட்கிறான். கூத்தரிடம் முதன்முதலில் பாராட்டு வாங்கிய வெண்பாவை, வாங்கிய நிமிடத்திலேயே, "அவர் பாட்டு. நான் கூடச் சொன்னேன்" என்று அவள் கைவிடுகிறாள். ஏட்டில் அம்பிகாபதி பெயர் ஏறுகிறது.

படி 8: மலைக்குக் கொண்டுவருவதானால்

கதையைச் சோழ நாட்டிலேயே வைக்கலாம். நம் ஊரில் நடப்பதாக எழுத ஆசைப்பட்டால், பெயரையும் இடத்தையும் மட்டும் மாற்றுவது போதாது. இங்கே யார் கையில் அதிகாரம் இருக்கிறது, யாருடைய சொல் ஒருவர் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் என்று முதலில் பாருங்கள்.

நீலகிரியில் அதற்குப் பொருத்தமான ஒரு களம் இருக்கிறது. 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தோட்டங்களிலிருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசுகளும் பிரித்துக்கொண்டன. அப்படி வந்தவர்களுக்காகத்தான் டேன்டீ என்ற தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் அந்தக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த இருவரில் ஒருவர் குடும்பத்துக்கு இந்தியா, மற்றவர் குடும்பத்துக்கு இலங்கை. வாளும் வேண்டாம், விஷமும் வேண்டாம், பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை போதும். அங்கே வேலை கொடுக்கப்படாமல் நிற்பவர் யார் என்று தேடுங்கள். மனு எழுதிக்கொடுத்தவரா, பேர் பதிந்தவரா, பெண்ணின் அம்மாவா?

இந்தக் காலக் கதை என்றால் ஒரு சிக்கல்: செல்போன். ஒரு சேதி போய்ச் சேராமல் இருப்பதே கஷ்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும், மலை ரயில் நிற்கும், டவரும் போகும். துறவியை வீட்டில் பூட்டிய கொள்ளைநோய்க்குச் சமமாக அதை வைக்கலாம். ஆனால் அதுவும் தற்செயல்தான். தாமதத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், தீர்வுக்கு வேண்டாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் என்பதை வைத்து, பிரிந்தவர்கள் அடுத்த பூப்பில் சந்திப்பதாக முடிக்க எல்லோருக்கும் கை அரிக்கும். கொடைக்கானலில் 2018-இல் பூத்த பிறகு அந்த மாதிரிக் கதையை நான் நிறையவே கேட்டுவிட்டேன். தயவுசெய்து வேண்டாம். அடுத்தது, முடிவுக்கு வழி தெரியவில்லை என்று குறும்பர் ஒருவரை மந்திரவாதியாக்கிக் கொண்டுவராதீர்கள். அந்தப் பழியைச் சுமத்தி அவர்களைக் கொன்ற சம்பவங்கள் 19-ஆம் நூற்றாண்டில் இதே மலையில் நடந்தவை. தோடர் குடியிருப்பான மந்து, படகர் ஊரான ஹட்டி எதுவானாலும் அங்கே பழகியவரிடம் படித்துக் காட்டாமல் வெளியே விடாதீர்கள்.

படி 9: வாய்விட்டுப் படியுங்கள்

எழுதி முடித்ததும் கதை தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர் என இரண்டு பேரிடம் படித்துக் காட்டுங்கள். எங்கே யூகித்தார்கள் என்று மட்டும் கேளுங்கள், நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். தெரிந்தவர் பூ வைக்கும் இடத்தில் சாவை எதிர்பார்த்திருக்க வேண்டும். தெரியாதவருக்குக் கூத்தரின் தீர்ப்பு வரும்வரை எதுவும் பிடிபட்டிருக்கக் கூடாது. இருவரும் ஒரே இடத்தில் யூகித்திருந்தால் ஏதோ ஒரு விதை பெரிதாக முளைத்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சின்னதாக்குங்கள்.

முடிவு மாறியிருக்கிறது என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டாம். பள்ளி ஆண்டுவிழாவில் நடிப்பதானால், நோட்டீசில் வெறும் 'அம்பிகாபதி' என்று போட்டாலே போதும்.

உரிமை விஷயம் ஒன்று. கர்ணபரம்பரைக் கதை பொதுச் சொத்து, எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். திரைப்படத்துக்காக எழுதப்பட்ட வசனமும் பாட்டும் அப்படி இல்லை. எழுதியவர் காலமாகி 60 வருடம் வரை நம் நாட்டில் பதிப்புரிமை உண்டு. கேட்டுக் கேட்டு நாக்கில் ஒட்டிக்கொண்ட சினிமா வசனம் ஏதாவது உங்கள் பிரதியில் நுழைந்திருக்கிறதா என்று கடைசியாக ஒரு தடவை தேடி எடுத்துவிடுங்கள். அரசன் பேசும் இடங்களில்தான் அது அதிகம் ஒளிந்திருக்கும்.